மெஷினில் 200 காட்டினால்

"நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வெச்சா உடனே இறங்கிடும்." அரக்கோணத்தில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் காதில் விழுகிற பேச்சு இது. வீட்டு பி.பி. மெஷினில் 200/110 என்று வந்தவுடன் மருந்துக் கடைக்கு ஆள் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர்கள் மருத்துவர்களே. 1980களில் உலகெங்கும் நிஃபெடிபைன் கேப்ஸ்யூலைக் குத்தி, அதிலுள்ள திரவத்தை நாக்கடியில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எண் சரிந்தது. ஆனால் எவ்வளவு சரியும், எங்கே நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. பக்கவாதம், மாரடைப்பு, மரணம்கூடப் பதிவாயின. 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கிராஸ்மன், மெசர்லி உள்ளிட்ட மருத்துவர்கள் இந்த முறையைக் கைவிட வேண்டும் என்று எழுதினார்கள். வாயில் அந்த மருந்து அநேகமாக உறிஞ்சப்படுவதே இல்லை, விழுங்கிய பிறகு குடலில்தான் வேலை செய்கிறது என்பதும் தெரிந்தது.

பல வருடங்களாக உயர் அழுத்தத்தில் இருப்பவரின் மூளை ரத்தக் குழாய்கள் அந்த அளவுக்கே பழகியிருக்கும். நமக்கு இயல்பாகத் தோன்றும் 120 அவருக்குப் போதாது. ஒரேயடியாக அங்கே இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறைகிறது.

ஆகவே எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். 180/120-ஐத் தாண்டியிருக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, கிழிப்பது போன்ற முதுகுவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரம். உடனே 108. திருத்தணி தாண்டி ஆந்திராவின் நகரிப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான். பக்கவாத அறிகுறி உள்ளவருக்கு வீட்டில் எதையும் வாயில் கொடுக்க வேண்டாம், புரையேறும். ரத்தக் குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதபோது, 220/120 வரை பெரும்பாலும் மருத்துவர்களே அழுத்தத்தைக் குறைக்காமல் விடுகிறார்கள். அந்த ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் லேபெட்டலால், நைட்ரோகிளிசரின் போன்றவற்றை ரத்தக் குழாய் வழியே, அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பார்கள். பொதுவாக முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் இறக்க மாட்டார்கள். மகாதமனி கிழிவு இதற்கு விதிவிலக்கு. கர்ப்பிணிகளின் நிலையும் வேறு: 160/110 வந்தாலே அவசரம். அவர்களுக்கு நிஃபெடிபைனை விழுங்கக் கொடுப்பது ஏற்கப்பட்ட சிகிச்சைதான், ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்.

எந்த அறிகுறியும் இல்லையா? சாய்ந்து உட்காருங்கள். பேசாமல் ஐந்து நிமிடம் கழித்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தியதுதான் காரணமாக இருக்கும். விடியற்காலை ரயிலைப் பிடிக்கிற அவசரத்திலோ, ஆடிக் கிருத்திகை விரதத்திலோ அது விட்டுப்போயிருக்கலாம். வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். எண் இறங்காவிட்டால் அன்றே, மிஞ்சிப்போனால் மறுநாள், மருத்துவரைப் பாருங்கள். வழக்கமான மருந்தைச் சீராக்கி ஓரிரு நாளில் மெல்ல இறக்குவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நிஃபெடிபைன் ஷெட்யூல் எச் மருந்து. சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். அவசர சிகிச்சையும் உரிமைதான். மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லையென்று திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையை மீறுவது என்று சொல்லி இழப்பீடும் வழங்கியது. தனியார் மருத்துவருக்கும் உயிர்காக்கும் கடமை உண்டென்று 1989-லேயே அந்த நீதிமன்றம் கூறிவிட்டது. அரசு மருத்துவமனை பற்றிய புகாரை மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம், முதல்வரின் உதவி எண் 1100-லும் சொல்லலாம்.

"எந்த மருந்து, எவ்வளவு, பி.பி. என்ன?" என்று கேளுங்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, அந்தப் பதிவுகள்தான் அங்கே பேசும்.