பல் எக்ஸ்-ரேயில் தெரியும் கழுத்துத் தமனி

ஞானப்பல்லைப் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவர் எடுத்துவரச் சொல்லும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரேயில் பற்களும் தாடையும் மட்டும் பதிவாவதில்லை. படத்தின் கீழ் ஓரங்களில் கழுத்தும் கொஞ்சம் விழுகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி இரண்டாகப் பிரியும் இடம் அதுதான். தமனிச் சுவரில் படிந்த கொழுப்பில் கால்சியம் சேர்ந்திருந்தால், தாடைக் கோணத்துக்குக் கீழே, சற்றுப் பின்னால், வெள்ளைத் திட்டுகளாகத் தெரியக்கூடும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஆர்தர் ஃப்ரீட்லாண்டரும் சக மருத்துவர் ஒருவரும் 1981-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் படத்தில் இந்த ஓரத்தைப் பார்க்காமல் விடவே கூடாது. 1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவத் தொடங்கியபின் அவர்களின் ஆயுள் நீண்டது. ஆனால் மாரடைப்பு, பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட அவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. மாத்திரையால் வைரஸ் அடங்கினாலும் உடலுக்குள் மெல்லிய அழற்சி ஓய்வதில்லை; அது தமனிச் சுவரை அரிக்கிறது. பழைய மருந்துகள் சில ரத்தக் கொழுப்பையும் ஏற்றின. ஈறு நோய், வாய்ப்புண், வாய் வறட்சி என்று பல் மருத்துவரிடம் அவர்கள் அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. எடுத்த படம் கையில் இருக்கும்போது ஓரத்தையும் படிப்பதற்குத் தனிச்செலவு இல்லை.

இதற்கென்றே ஓ.பி.ஜி. எடுக்க வேண்டியதில்லை. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தமனியும் அல்ல. நாவடி எலும்பு, குரல்வளைக் குருத்தெலும்பு ஆகியவையும் அங்கே நிழலிடும். காசநோய் வந்து ஆறிய நெறிக்கட்டியும் கால்சியம் படிந்து அப்படியே தெரியும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் அதிகம் என்பதால் இங்கே இன்னும் கவனம் வேண்டும். திட்டு இல்லையென்றால் தமனி சுத்தம் என்றும் நினைக்கக்கூடாது. கால்சியம் சேராத படிவு எக்ஸ்-ரேயில் தெரியாது. அடைப்பு எவ்வளவு என்பதைக் கழுத்து டாப்ளர் ஸ்கேன்தான் சொல்லும்.

கண்டுபிடித்தால் செய்வதற்கு வழியும் இருக்கிறது. புகைப்பழக்கத்தை விடுவது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது ஆகியவற்றோடு ஸ்டாட்டின் மாத்திரையும் உண்டு. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வில், பிட்டாவாஸ்டாட்டின் பெரிய இதயநோய்ப் பாதிப்புகளை 35 சதவீதம் குறைத்தது. முடிவு வெளியானது 2023-இல்.

இத்தனைக்கும் முதலில், நோயாளி தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பல் மருத்துவரிடம் பயமில்லாமல் சொல்ல முடியவேண்டும். அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது. படத்தில் திட்டு தெரிந்தால் பல் மருத்துவர் அதை எழுதிக் கொடுக்கவேண்டும். நோயாளி அந்தக் குறிப்பையும் படத்தையும் அடுத்த முறை எச்.ஐ.வி. மருந்து வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு எடுத்துப்போய்க் காட்டவேண்டும்.