முக்கூர்த்தி மலை

முக்கூர்த்தி மலை தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கு விளிம்பில் உள்ள ஒரு சிகரம் ஆகும். இதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 2,554 மீட்டர். இச்சிகரத்தின் பெயரால் அமைந்த முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். வரையாட்டைப் பாதுகாப்பதற்காக உருவாக்கப்பட்ட இப்பகுதி 1990-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அமைவிடமும் நில அமைப்பும்

பூங்கா, நீலகிரி பீடபூமியின் மேற்கு ஓரமாக, உதகமண்டலத்திற்கு மேற்கே தமிழக–கேரள எல்லையை ஒட்டி நீண்டு கிடக்கிறது. தெற்கில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா உள்ளது. முக்கூர்த்தியைத் தவிர கொல்லாரிபெட்டா, பிச்சல்பெட்டா, நீலகிரி சிகரம் ஆகிய உயரமான முகடுகளும் இதற்குள் அடங்கும். இவற்றுள் கொல்லாரிபெட்டா சுமார் 2,630 மீட்டர் உயரமுடையது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) விடச் சற்றே தாழ்ந்தது.

மலையின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை. கிழக்கே மேடும் பள்ளமுமான புல்வெளிகள் மெல்லச் சரிகின்றன. மேற்கே செங்குத்தான பாறைச் சரிவுகள் கேரளத்தின் நிலம்பூர்க் காடுகளை நோக்கி இறங்குகின்றன. இம்மலைகள் பெரும்பாலும் சார்னோகைட் எனும் மிகப் பழமையான கடினப் பாறையால் ஆனவை.

வெப்பநிலை

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் 11 பாகையில், வெப்ப மண்டலத்திற்குள் இம்மலை இருந்தாலும் இங்கு நிலவுவது குளிர்ச்சியான காலநிலையே. இதற்குக் காரணம் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. இக்கணக்கின்படி, கந்தர்வக்கோட்டை போன்ற சமவெளி ஊரில் வெப்பநிலை 34 பாகையாக இருக்கும்போது, முக்கூர்த்தி உச்சியில் ஏறத்தாழ 17 பாகையாக இருக்கலாம். காற்று, மேகம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு மாறும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான தெளிந்த இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்வதுண்டு. அப்போது பள்ளமான புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும்.

மழைப்பொழிவு

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மழையாகப் பொழிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே இங்கு பெருமழை தருகிறது. பூங்காவின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. கிழக்கு ஓரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏற்படும் இந்த வேறுபாடு மழை மறைவுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் புதுக்கோட்டை மாவட்டம் ஆண்டு முழுவதும் பெறுவது சுமார் 900 மில்லிமீட்டரே. 2019 ஆகஸ்டில், பூங்காவை அடுத்துள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது.

சோலையும் புல்வெளியும்

காற்று அடங்கிய மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைக்காடுகள் உள்ளன. திறந்த சரிவுகள் புல்வெளிகளாக உள்ளன. சோலை மரங்களின் இளங்கன்றுகள் உறைபனியில் கருகிவிடுகின்றன. புல்லோ வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. பலத்த காற்றும் தீயும் புல்வெளிகள் நிலைத்திருக்கத் துணைபுரிகின்றன.

புல்வெளிகளை நம்பி வாழும் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்காகும். செங்குத்தான பாறைகள் அதற்குப் புகலிடம். புலி, கடமான், நீலகிரிக் கருமந்தி ஆகியவையும் இங்கு காணப்படுகின்றன. இமயமலையில் வளரும் ரோடோடென்ட்ரான் மரத்தின் ஒரு துணையினம் இங்கு செந்நிறப் பூக்களுடன் வளர்கிறது.

ஆறுகள்

புல்வெளியும் சோலை மண்ணும் பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. கிழக்குப் பக்கத்தில் விழும் நீர் பைக்காரா ஆற்றின் வழியே மாயாற்றையும், பின் பவானியையும், முடிவில் காவிரியையும் அடைகிறது. மேற்குச் சரிவில் தோன்றும் கரிம்புழா, சாலியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குச் செல்கிறது. அருகருகே விழும் இரு மழைத்துளிகள் இரு வேறு கடல்களைச் சேரலாம்.

1932-இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்திற்கு நீரைச் சேமிக்க 1938-இல் முக்கூர்த்தி அணை கட்டப்பட்டது. காவிரி நீர் கல்லணைக் கால்வாய் வழியே புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதி வரை செல்கிறது. எனவே இம்மலையின் புல்வெளிகள் கெட்டால், அதன் விளைவு நெடுந்தொலைவிலுள்ள வயல்களையும் எட்டும்.

தோடர் நம்பிக்கை

நீலகிரியின் தொல்குடிகளான தோடர்களுக்கு இது புனித மலை. இறந்தவர்களின் ஆவி இச்சிகரத்தின் வழியே மறுவுலகம் செல்வதாக அவர்கள் நம்புகின்றனர்.

அச்சுறுத்தல்களும் பாதுகாப்பும்

விறகுக்காகவும் தோல் பதனிடத் தேவையான பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் நீலகிரியில் பெருமளவில் நடப்பட்டன. சீகை மரம் தானாகவே பரவி, புல்வெளிகளை மூடிவிடுகிறது. புல் அழிந்தால் வரையாட்டிற்கு மேய்ச்சல் இல்லை. மண்ணின் நீர்ப்பிடிப்புத் தன்மையும் மாறுகிறது. வெட்டிய மரத்தின் இடத்தில், மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும் விதைகள் மீண்டும் முளைக்கின்றன. ஆகவே இம்மரங்களை அகற்றுவது ஒருமுறை செய்து முடிக்கும் பணி அன்று. அகற்றிய இடத்தில் புல் நட்டு, பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டியுள்ளது.

1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் அடங்கும் இப்பூங்கா, 2012 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமான மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகவும் உள்ளது. இங்கு செல்ல வனத்துறையின் அனுமதி தேவை.