தானே அணையும் கணிப்பொறி

நம் தமிழ்த்துறை நூலகத்தின் வடபுறச் சன்னலை அடுத்துக் கணிப்பொறி ஒன்று உளது. நம் கல்லூரி இதழின் பழைய மடலங்களைத் தட்டச்சிட்டுப் பாதுகாக்கும் பணி சென்ற ஆண்டு முதல் அதில் நடைபெற்று வருகின்றது. அம்மடலங்களின் தாள் பழுத்து, விளிம்பு ஒடிந்து, விரல் பட்ட மாத்திரத்தே உதிரும் நிலையில் உளது. ஒரு பக்கத்தை ஒரு முறை புரட்டலாம். மறுமுறை புரட்டுதல் அதற்கு இழைக்கும் தீங்கேயாம். இந்நிலையில், சென்ற ஜூலைத் திங்களில் அக்கணிப்பொறி முன்னறிவிப்பு யாதுமின்றித் தானே அணையத் தலைப்பட்டது. ஒரு நாட் பிற்பகல், சேமியாதிருந்த ஏழு பக்கங்கள் இமைப்பொழுதில் மறைந்தன. அவ்வேழையும் மீளப் புரட்ட நேர்ந்தது. இரண்டின் ஓரம் கையோடு வந்துவிட்டது.

பின்னர் எழுந்த அபிப்பிராயங்களோ பலவாயின. வைரஸ் புகுந்ததென்றார் ஒருவர். விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாக நிறுவ வேண்டுமென்றார் மற்றொருவர். பழுது பார்ப்பார் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் திறவாமலே, மதர்போர்டு போயிற்று, புதுப்பொறி வாங்குவதே உபாயம் என்று கூறிச் சென்றார். வாங்குதற்குப் பொருள் யாண்டையது? துறையில் இருந்ததோ, எஞ்சிய மடலங்களுக்குக் கட்டடம் செய்தற்கென ஒதுக்கிய தொகை ஒன்றே. அதனைச் செலவிடுமுன் நோயின் முதலை யாமே தேடிப் பார்ப்பது எனத் துணிந்தோம். யான் கணிப்பொறி நூல் பயின்றேனல்லேன். இயற்பியல் ஆய்வுக்கூடத்துப் பணியாளர் ஒருவர் துணை நிற்க, அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்று உண்டு. ‘அணைந்தது’ என்னும் ஒரு சொல்லாற் பல வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கின்றோம். திரையில் அறிவிப்புத் தோன்றி, ஒழுங்காக ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டு அணையுமாயின், அஃது ஆணை பெற்று அணைந்ததாகும். அப்டேட் என்னும் புதுப்பித்தற் பணியே பெரும்பாலும் அவ்வாணையை இட்டிருக்கும். நீலத்திரை தோன்றி மறைந்து பொறி மீளத் தொடங்குமாயின், டிரைவர் எனப்படும் இயக்கு நிரலிலோ ரேமிலோ பிழை உளதென்று ஐயுறலாம். காற்றில் விளக்கு அவிந்தாற்போல ஒரு கணத்தில் இருளுமாயின், வெப்பம், மின்சாரம் ஆகிய இரண்டையுமே முதலில் வினாவுதல் வேண்டும். எம் கணிப்பொறியின் நோய் இம் மூன்றாவது வகையைச் சார்ந்தது.

நீலத்திரை கண்ணுக்குப் புலனாகாமலே மறைந்து போதலும் உண்டு. பிழை நேர்ந்தவுடன் தானே மீளத் தொடங்குக என்பது விண்டோஸில் முன்னரே அமைந்த ஏற்பாடு. சிஸ்டம் அமைப்புகளுள் ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ என்பதன் குறியை நீக்கிவிட்டால், அத்திரை நின்று தன் பிழையின் பெயரைக் காட்டும்.

இனி, பொறி தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பும் ஒன்று உண்டு. அதற்கு ஈவென்ட் வியூவர் என்று பெயர். அதன்கண் 1074 என்னும் எண் காணப்படின் ஏதோ ஒரு நிரலோ, ஆளோ அணைக்கச் சொன்னதாகப் பொருள். 6008 காணப்படின் முன்னர் எதிர்பாராது அணைந்ததென்று பொருள். இவற்றினும் பலரை மயக்குவது ‘கெர்னல் பவர் 41’ என்னும் குறிப்பு. பவர் என்னும் சொல்லைக் கண்டவுடன், மின்வழங்கி கெட்டதென்று முடிவு கட்டி அதனை மாற்றிவிடுவாரும் உளர். அது தவறு. அக்குறிப்புச் சாகின்றவன் தந்த மரண வாக்குமூலம் அன்று. மறுநாட் காலை வந்து கதவைத் திறந்தவன், ‘நேற்று இருந்தவர் முறையாக விடைபெற்றிலர்’ என்று எழுதிவைத்தது. காரணம் அவனுக்குந் தெரியாது. ஆயினும் அக்குறிப்பினுள் ‘பக்செக் கோடு’ என்னுமிடத்தில் சுழியன்றி வேறு எண் இருப்பின், நீலத்திரை நேர்ந்ததென்று கொள்ளலாம். எம் கணிப்பொறியில் அவ்விடம் எப்பொழுதும் சுழியாகவே இருந்தது.

எனவே, பொறியின் குறிப்பை விடுத்து யாமே ஒரு குறிப்பேடு தொடங்கினோம். இது புதிய வழக்கன்று. அமெரிக்காவில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் கணிப்பொறி 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பழுதுற்றபோது, ஆராய்ந்தவர்கள் அதன் ரிலே ஒன்றினுள் விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடப்பதைக் கண்டனர்; அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதிவைத்தனர். அப்பூச்சியோடு கூடிய ஏடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் உளது. பூச்சியைப் பலரும் புகழ்வர்; எனக்கோ அந்த ஏடே பெரிதாகத் தோன்றுகின்றது. நேரத்தை எழுதும் வழக்கம் இல்லார்க்குப் பூச்சி கிடைத்தும் பயனில்லை.

எம் ஏட்டில் நான்கு பத்திகள் இட்டோம்: அணைந்த நேரம், தொடங்கி எத்துணை நேரம் சென்று அணைந்தது, அப்பொழுது செய்த வேலை, அறையில் நிகழ்ந்தது. இரண்டு வாரத்தில் பதினொரு முறை அணைந்தது. அவற்றுள் ஒன்பது, பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்டவை. அவ்வொன்பதும், பக்கங்களின் படத்தை எழுத்தாக மாற்றும் கடும் வேலை நடந்தபொழுதே நேர்ந்தன. அணையுமுன் உள்விசிறி இரைந்தது. தட்டிய எழுத்துத் திரையில் ஏறத் தாமதித்தது. அணைந்தவுடன் மீளத் தொடங்கின் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அணைந்தது; ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாலோ நெடுநேரம் உழைத்தது. எஞ்சிய இரண்டும் காலைப்பொழுதில், தொடங்கிய அரைமணிக்குள் நேர்ந்தவை. கூட்டத்தோடு சேராத அவ்விரண்டையும் தற்செயல் என்று தள்ளினோம். அஃது எம் பிழை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஒன்பதும் ஒரு குரலாய்ச் சொல்லியது வெப்பத்தையே. பிராசஸர் எனப்படும் செயலி, தான் கொள்ளும் மின்னாற்றல் முழுவதையும் ஏறக்குறைய வெப்பமாகவே வெளியிடுகின்றது. மேசைக் கணிப்பொறிச் செயலிகளுட் பல 65 வாட்டு அளவின. பழைய குண்டுவிளக்கு ஒன்றின் சூடு முழுவதும் விரல் நகத்தளவே உள்ள ஒரு சில்லில் அடங்கிக் கிடப்பதாகக் கொள்ளுக. அச்சூட்டை ஈர்த்துக்கொள்ள அதன்மேல் ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகட்டுக் கட்டு. அதனின்று சூட்டை ஊதித் தள்ள அதன்மேல் ஒரு விசிறி. உலோகமும் உலோகமும் எத்துணை அழுந்தினும் இடையே நுண்ணிய காற்றிடைவெளி உண்டாதலின், அவ்விடைவெளியை நிரப்பத் தெர்மல் பேஸ்ட் என்னும் பசையும் தடவப்படும். இந் நான்கனுள் ஒன்று தளரினும் சூடு ஏறும். இன்டெல் செயலிகள் பலவற்றிற்கு எல்லை 100 டிகிரி சென்டிகிரேடு. எல்லையை அணுகியதும் செயலி முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எழுத்துத் தாமதித்ததன் காரணம் இதுவே. அதன்பின்னும் சூடு தணியாதாயின், தன் உயிரைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். ஆகவே அந்த அணைதலே நோயன்று. நோய்க்கு அஞ்சி அது செய்துகொண்ட காப்பு.

இதனை உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. தொடங்கும்பொழுது டெலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தினால் பயாஸ் திரை தோன்றும். பெரும்பாலான பொறிகளில் அது செயலியின் வெப்பநிலையைக் காட்டும். இத்திரையில் வாளா இருக்கும்பொழுதே பொறி அணைந்துவிடுமாயின், விண்டோஸின்மீதும் வைரஸின்மீதும் பழி சுமத்துதற்கு இடமில்லை. எம் பொறியின் பயாஸ் 88 டிகிரி காட்டியது. வேலை யாதுமின்றி இருக்கையிலேயே 88 எனின், வேலை வந்தால் என் செய்யும்?

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினோம். தொட்டுப் பார்த்தன்றி நம்பேன் என்ற தோமாவின் வழி ஈண்டுக் குற்றமாகாது. ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே தூசி, கம்பளித் துணிபோல் ஒரு விரற்கடைத் தடிப்பில் படிந்திருந்தது. பழந்தாள் உதிரும் அறையில் அது வியப்பன்று. பாதுகாக்க முற்பட்ட தாளே பொறியின் மூச்சை அடைத்திருந்தது. அன்றியும், ஹீட் சிங்கைப் பலகையிற் பொருத்தும் நான்கு கால்களுள் ஒன்று பிடி விட்டிருந்தது. பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காய்க் கிடந்தது. விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு தூசியைத் தூரிகையாலும் ப்ளோயராலும் அகற்றினோம். பிடியாவிடின், ஊதுங்காற்றில் விசிறி அளவிறந்து சுழன்று கெடுதலும் கூடும். பழம்பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துத் துவரம்பருப்பளவு புதுப்பசை இட்டு, நான்கு கால்களும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்தினோம். பயாஸ் 46 காட்டியது. அன்று பிற்பகல் முழுவதும் கடும் வேலை கொடுத்தும் பொறி அணைந்திலது.

வெற்றி என்று மகிழ்ந்தோம். ஒன்பதாம் நாட் காலை மீண்டும் அணைந்தது.

அப்பொழுதுதான் தள்ளிவைத்த அவ்விரண்டையும் ஏட்டில் தேடினோம். மூன்றும் காலை பத்தே முக்கால் மணியை ஒட்டியவை. நான்காம் பத்தியில், ‘டியூப் லைட் மங்கிற்று’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்நேரத்தில் விடுதித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஓடத் தொடங்குகின்றது. மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் இயல்பிற் கொள்வதினும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், அக்கணம் மின்னழுத்தம் தாழும். அத்தாழ்வைத் தாங்குதற்கன்றோ யு.பி.எஸ். வைத்திருக்கின்றோம்? கணிப்பொறியை முறையாக அணைத்துவிட்டு, அதற்குப் பதிலாக மேசைவிளக்கு ஒன்றை யு.பி.எஸ்.ஸில் மாட்டிச் சுவர்ச் சுவிட்சை அணைத்தோம். விளக்கும் உடன் அவிந்தது! உள்ளிருந்த ஈயவமில பாட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும்; வெப்பம் மிக்க அறையில் அதனினுங் குறையும். எம்முடையதோ வாங்கி ஆறாண்டு கடந்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டு, உயிருள்ளதுபோல் ஏமாற்றியிருந்தது. பாட்டரியை மாற்றினோம், செலவு புதுக்கணிப்பொறியின் விலையில் மிகச் சிறு கூறே.

எம் பொறியில் நேராவிடினும் பிறர் பொறியில் நேரக்கூடியவை சில உள. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி 230 வோல்ட்டைப் பெற்று 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது. 12 வோல்ட்டு என்பது 11.4-க்குக் கீழ்த் தாழ்தல் ஆகாது. கருகல் நாற்றம், மதர்போர்டின் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருத்தல், வேலை மிகுந்தவுடன் சூடேறாமலே அணைதல் ஆகியவை ஐயத்திற்கு உரியன. நன்கு இயங்கும் மற்றொரு மின்வழங்கியை மாட்டிப் பார்ப்பதே தக்க சோதனை. எக்காரணம் பற்றியும் மின்வழங்கியின் பெட்டியைத் திறவற்க. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ரேமை ஐயுறின் ஒன்று விட்டு ஒன்று கழற்றிப் பார்க்க. முகப்பிலுள்ள பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ளின் நான்கு விநாடியில் பொறி அணையும்; அதற்கு மருந்து விரல் நுனியே. இவற்றை ஒருங்கே மாற்றாது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் எது நோய், எது மருந்து என்பது விளங்காது.

புதுக்கணிப்பொறி வாங்கினோமல்லோம். மடலங்கள் கட்டடத்திற்குச் சென்றுள்ளன. குறிப்பேடு மேசைக்காலில் நூலாற் கட்டப்பட்டுத் தொங்குகின்றது. அதில் இறுதியாக உள்ள குறிப்பு: ‘காலை 11.20. மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். ஒன்பது நிமிடம் தாங்கிற்று. மூன்று பக்கமும் சேமித்து அணைத்தோம்.’