எழுத்தும் ஒலியும்: பழைய கணினி விளையாட்டிசை

கடல், தங்கம், பகல் ஆகிய சொற்களில் நாம் எழுதும் ககரம் ஒன்றே, ஒலிப்பதோ மூவகை. எழுத்து ஒலியன்று, ஒலிப்பதற்கான குறிப்பு.

பழைய கணினி விளையாட்டுகளின் இசையும் இத்தகையதே. 1983இல் அறிமுகமான மிடி முறையில் அமைந்த கோப்பு, எந்தச் சுரத்தை எக்கருவியில் எவ்வளவு நேரம் இசைப்பது என்று மட்டுமே கூறும். ஒலி எழுப்புவது ஒலி அட்டை. 1991இல் 128 கருவிகளுக்குப் பொது எண்கள் வகுக்கப்பட்ட பின்னரும் ஒலி ஒன்றாகவில்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர், ஓர் அலையால் மற்றோர் அலையைத் திரித்து வயலினொலியைப் புனைந்தது. ரோலண்டு நிறுவனத்தின் சவுண்ட் கேன்வாஸோ, பதிவுசெய்த கருவியொலிகளிலிருந்து அதனை எழுப்பியது.

ஆகவே, கோப்பைக் காப்பது மட்டும் இசையைக் காப்பதாகாது. அட்டையின் ஒலியையும் பதிந்துவைத்தல் வேண்டும். மொழிக்கும் அஃதே: நூல்களோடு முதியோரின் பேச்சொலியையும் நாம் பதிவுசெய்தல் வேண்டும்.