நாவலும் நெல்லியும்

ஔவையின் பெயரோடு இரண்டு கனிகள் நமது நாட்டு நினைவில் பிணைந்திருக்கின்றன. ஒன்று, அதியமான் தானுண்ணாது அவளுக்களித்த நெல்லி. மற்றொன்று, மாடு மேய்க்கும் சிறுவனாய் வந்த முருகன் மரத்தினின்று உதிர்த்த நாவல். இவ்விரண்டும் இன்றும் நமது நாட்டில் மலிவாய்க் கிடைப்பவை. ஆயினும் பட்டணவாசிகளில் பொருளுடையோர் சிலர், அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட புளூபெரி என்னும் சிறுகனியை அதிக விலை கொடுத்து வாங்கியுண்பதே ஆரோக்கியத்திற்கு வழியென்று எண்ணத் தலைப்பட்டிருக்கிறார்கள். மறுபுறம், சுதேசாபிமானிகள் சிலர் நாவற்கொட்டைப் பொடி ஒன்றே நீரிழிவை அடியோடு போக்கிவிடும் என்று பிரசாரம் செய்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

புளூபெரிக்கும் நாவலுக்கும் கருநீலத்தைத் தருவது ஆந்தோசயனின் என்னும் வர்ணப் பொருள். பூ, நீலம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கூட்டி, மார்க்வார்ட் என்னும் ஜெர்மானியர் 1835-ல் இட்ட பெயர் அது. புளிப்புச் சேர்ந்தால் சிவப்பதும், காரம் சேர்ந்தால் நீலமாவதும் அதன் இயல்பு. வில்ஸ்டேட்டர் என்னும் மற்றொரு ஜெர்மானியர் தாவர வர்ண ஆராய்ச்சிக்காக 1915-ல் நோபல் பரிசு பெற்றார். குளித்தலையில் 1900-ல் பிறந்த டி. ஆர். சேஷாத்திரி இங்கிலாந்து சென்று இராபர்ட் இராபின்ஸனிடம் பயின்று, தாயகம் திரும்பி, ஆந்திர, டில்லி சர்வகலாசாலைகளில் இவ்வினப் பொருள்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். 1960-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. ஆகவே, இது அந்நியருக்கே உரிய சாஸ்திரமென்று நாம் ஒதுங்கி நிற்க நியாயமில்லை.

இக்கனிகளின் நன்மை பற்றி அறியப்பட்டது எவ்வளவு? அமெரிக்காவில் 93,600 பெண்களை 18 வருஷ காலம் கவனித்து வந்த ஆராய்ச்சியொன்று 2013-ல் வெளியாயிற்று. புளூபெரியும் ஸ்ட்ராபெரியும் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உண்டவர்களிடையே, மாதம் ஒரு முறையோ அதற்குங் குறைவாகவோ உண்டவர்களைக் காட்டிலும், மாரடைப்பு நூற்றுக்குச் சுமார் 32 பங்கு குறைந்திருந்தது. ஆனால் இது கவனித்தறிந்ததேயன்றிப் பரீட்சித்தறிந்ததன்று. பழமுண்போர் பிற பழக்கங்களிலும் ஒழுங்காயிருப்பது சகஜம். ஆராய்ச்சியாளர் அதற்கும் கணக்கில் இடம் விட்டனரெனினும், பழமே காரணமென்று தீர்ப்புக் கூற இது போதாது.

பரீட்சைகளால் ஓரளவு ஊர்ஜிதமானது கிரான்பெரி என்னும் செங்கனியின் குணம். 50 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2023-ல் வெளியான காக்ரேன் மதிப்புரை, அடிக்கடி மூத்திரத் தாரையில் நோய் காணும் பெண்களுக்கு அது மீண்டும் வாராமல் ஒருவாறு தடுக்கிறதென்று கூறிற்று. வந்த நோயைத் தீர்ப்பதாக அது கூறவில்லை.

வியாபாரிகளோ இத்துடன் நிற்பதில்லை. சோதனைக் குழாயில் ஒரு பழத்தின் சாறு பிராணவாயுவின் தீங்கை எவ்வளவு எதிர்க்கிறதென்று அளந்து, அந்த எண்ணையே ஆயுள் விருத்திக்குச் சான்றாகப் பறைசாற்றினார்கள். அத்தகைய அட்டவணையொன்றை முன்பு பிரசுரித்திருந்த அமெரிக்க விவசாய இலாகாவே, அவ்வெண்கள் மனித ஆரோக்கியத்திற்குப் பொருந்துவனவல்ல, வியாபாரிகளால் துஷ்பிரயோகம் செய்யப்படுகின்றன என்று கூறி, 2012-ல் அதனை நீக்கிவிட்டது. குழாய் வேறு, குடல் வேறு. நாம் உண்ணும் ஆந்தோசயனினில் மிகச் சொற்பமே உருமாறாது இரத்தத்தை அடைகிறது. பெரும்பகுதி பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைந்து வேறு பொருள்களாகிறது.

இனி நமது கனிகளைப் பார்ப்போம். நெல்லியின் பெருமை வெறுங்கதையன்று. 1939-40-ல் பஞ்சாபைச் சேர்ந்திருந்த ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சம் நேர்ந்தபோது, ஈறு வீங்கி இரத்தங் கசியும் ஸ்கர்வி நோய் ஜனங்களை வாட்டிற்று. அதற்கு நெல்லிக்காய் கொடுத்துக் குணங் கண்டார்கள். ஆரஞ்சைக் காட்டிலும் பன்மடங்கு வைட்டமின் 'ஸி' அதில் இருப்பதே காரணம். இங்கே காரணமும் தெரியும், காரியமும் கண்கூடு.

நாவலின் நிலைமை அத்தகையதன்று. அதன் கொட்டை, எலிகளின் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்ததுண்டு. ஆனால் பிரேஸில் தேசத்தில் நாவலிலைக் கஷாயத்தை நீரிழிவாளருக்குக் கொடுத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட பரீட்சையில், வழக்கமான மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது, கஷாயம் குறைக்கவில்லை. இலை வேறு, கொட்டை வேறு என்று ஆட்சேபிக்கலாம். நன்று, அப்படியாயின் கொட்டையையும் மனிதரிடத்தில் விரிவாகவும் முறையாகவும் பரீட்சித்த பின்னரன்றோ அதனை மருந்தென்று முழங்க வேண்டும்?

இது வெறும் வாதப் பிரதிவாதமன்று. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவாளரென்று 2023-ல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் ஏழையொருவன் நமது தேசாபிமானப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்துவானாயின், கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் இழப்பவன் அவனே. மேடையில் பேசிய நாமல்ல. அந்நியப் பழத்தை அந்நியமென்பதற்காகவே போற்றுவது அடிமைப் புத்தி. நமது பழத்தை நமதென்பதற்காகவே மருந்தென்று சாதிப்பதும் அதே புத்தியின் மறுபுறமாகும்.

ஆதலின் நமது தேசத் தொண்டர் செய்யத் தக்கவை மூன்று. நெல்லியையும் நாவலையும் அவற்றின் பருவத்தில் உணவாக உண்ணும் வழக்கத்தை வீடுதோறும் பள்ளிதோறும் பரப்புக. சாலை விஸ்தரிப்பில் வீழ்த்தப்படும் நாவல் மரங்களுக்கு ஈடாக ஊர்தோறும் புதியன நடுக. நமது கனிகளை மனிதரிடத்தில் முறைப்படி பரீட்சிப்பதற்குச் சர்க்கார் பொருளுதவ வேண்டுமென்று விடாது கிளர்ச்சி செய்க. பரீட்சையில் தேறினால் உலகம் கொண்டாடட்டும். தேறாவிடினும் நல்ல பழம் நல்ல பழமே.

நாவலடியில் ஔவை கற்ற பாடமும் இதுவே. தரையில் கிடக்கும் பழத்தை எடுப்பதற்குக் கூச வேண்டுவதில்லை. ஆனால் ஒட்டியிருக்கும் மண்ணை ஊதிவிட்டே வாயிலிடுதல் வேண்டும்.