எட்டு மணி நேர வேலையும் எட்டாத ஊரும்

வீட்டுக்கு ஒருவர் கணிப்பொறித் துறையில் இருக்கும் காலம் இது. முன்பெல்லாம் ஒருவர் வெளிநாடு போனார் என்றால் பணத்துக்காகப் போனார் என்றே பொருள். இன்றைய இளம் மென்பொருள் பொறியாளர்களோ வேறொரு காரணம் சொல்கிறார்கள். "அங்கே மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும்" என்கிறார்கள். சம்பளத்தைக் காட்டிலும் நேரத்தை நாடிச் செல்லும் இப்பயணத்தில் பலர் தேர்ந்துகொள்ளும் நாடுகளுள் ஒன்று ஜெர்மனி. அந்நாட்டில் என்ன கிடைக்கிறது, அது எதனால் கிடைக்கிறது, அதற்கு ஈடாக எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். பொறியியல் கல்லூரிக் கனவோடு இருக்கும் மேல்நிலை வகுப்பு மாணவியர்க்கும், மகளை அனுப்பலாமா வேண்டாமா என்று இரவில் கணக்குப் போடும் பெற்றோர்க்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் உள்ள அலுவலகங்களில் இரவு பத்து மணிக்கும் ஏன் விளக்கு எரிகிறது? நம்மவர்க்கு நேரத்தின் அருமை தெரியாது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. இவ்வலுவலகங்களில் பல கடல் கடந்த நிறுவனங்களுக்காக வேலை செய்பவை. கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அங்குள்ளவர் நாற்காலியில் வந்து அமரும்போது இங்குள்ளவர் உறங்கப் போக வேண்டும். ஆனால் அப்போதுதான் கூட்டம் தொடங்குகிறது. பகலில் உள்ளூர்க் குழுவோடு வேலை, இரவில் வெளிநாட்டாரோடு பேச்சு என்று ஒரு நாளுக்குள் இரண்டு நாள்கள் புகுந்துவிடுகின்றன. வேலை கொடுப்பவர் ஓரிடத்திலும் செய்பவர் வேறோரிடத்திலும் இருக்கும் தொழிலில் கடிகாரம் கொடுப்பவர் பக்கமே சாயும்.

ஜெர்மனிக்குப் போகும் பொறியாளர், வேலை கொடுப்பவரின் கடிகாரத்துக்கே குடிபெயர்ந்து விடுகிறார். கார் செய்யும் நிறுவனமோ, வங்கியோ, காப்பீட்டு நிறுவனமோ, தனக்கு வேண்டிய மென்பொருளைத் தன் ஊரிலேயே செய்துகொள்ளும் இடத்தில் சேருகிறார். பாதி நிம்மதி இதிலேயே வந்துவிடுகிறது.

மறுபாதி சட்டத்தால் வருவது. 1994-ஆம் ஆண்டின் வேலைநேரச் சட்டப்படி நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை. அவசரமானால் 10 மணி நேரம் வரை நீட்டலாம். ஆனால் ஆறு மாதச் சராசரி எட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 11 மணி நேர ஓய்வு இருந்தாக வேண்டும். அதாவது, இரவு பதினொன்றுக்கு வேலையை முடித்தவரை மறுநாள் காலை பத்துக்கு முன் வேலைக்கு வரச் சொல்ல முடியாது. 1963-ஆம் ஆண்டின் விடுப்புச் சட்டப்படி, வாரம் ஐந்து நாள் வேலை செய்வோர்க்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பல நிறுவனங்கள் இதற்கு மேலும் தருகின்றன. நோயுற்றால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். இதில் நமக்குப் பெரு வியப்பளிக்கும் விதி ஒன்று உண்டு. விடுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்து, மருத்துவர் சான்றும் கொடுத்துவிட்டால், அந்த நாள்கள் விடுப்புக் கணக்கில் சேரா. அவற்றைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலோடு பரீட்சை எழுதிப் பழகிய நமக்கு இது கதை போலத் தோன்றும்!

இவையெல்லாம் ஜெர்மானியரின் பிறவிக் குணத்தால் வந்தவை அல்ல. எட்டு மணி நேர வேலைநாள் அங்கே 1918-இல், முதல் உலகப் போரில் தோற்று முடியாட்சி கவிழ்ந்த வேளையில், தொழிலாளர் போராடிப் பெற்றது. சனிக்கிழமை விடுமுறையும் அப்படியே. 1956 மே தினத்தன்று ஜெர்மானியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு சிறுவன் ஒருவனின் படத்தோடு சுவரொட்டி வெளியிட்டது. சனிக்கிழமையன்று அப்பா தனக்கே சொந்தம் என்று அச்சிறுவன் சொல்வதாக அதில் எழுதியிருந்தது. இன்றும், ஐந்து பேர் நிரந்தரமாக வேலை செய்யும் இடமாயின், ஊழியர் மன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மன்றம் இருக்குமிடத்தில் அதன் இசைவின்றி மேலதிக நேர வேலை வாங்க முடியாது. வேலை நேரம் முழுவதையும் நிறுவனங்கள் பதிவு செய்யும் முறை கட்டாயம் என்று 2022-இல் அந்நாட்டுத் தொழிலாளர் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் நம்மிடம் சட்டமில்லையா? இருக்கிறது. இந்தியாவின் முதல் மே தினம் 1923-இல் நம் சென்னைக் கடற்கரையிலேதான், சிங்காரவேலரால் கொண்டாடப்பட்டது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதி வைத்தது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பால், மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றதும் நாடெங்கும் பேசப்பட்டது. ஆகவே எழுத்தில் பெரிய வேற்றுமை இல்லை. எழுதியதை மீறினால் கேட்பதற்கு அலுவலகத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறாரா என்பதில்தான் வேற்றுமை என்பது நம் கருத்து.

இனி, போகும் வழியைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனி கணிப்பொறி வல்லுநர் 20,000 பேருக்கு ஐந்தாண்டு வரை தங்கும் அனுமதி தருவதாக அறிவித்தது. அப்போது ஒரு மாநிலத் தேர்தலில், இந்தியரை அழைப்பதை விட்டு நம் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி கற்பிப்போம் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் முழங்கினார். காலம் மாறியது. 2012 முதல் 'புளூ கார்டு' எனும் அனுமதி அட்டை நடைமுறையில் உள்ளது. 2024 அக்டோபரிலோ, திறன்மிக்க இந்தியர்க்கு ஆண்டுக்கு 20,000 என இருந்த விசாவை 90,000 ஆக உயர்த்துவதாக அதே நாடு அறிவித்தது. கணிப்பொறித் துறையினர் இவ்வட்டையைப் பெற 2025-இல் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 43,760 யூரோ இருக்க வேண்டியிருந்தது. அட்டை பெற்றவர் 27 மாதம் வேலை செய்து அடிப்படை ஜெர்மன் கற்றால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். மொழியில் இன்னும் தேர்ச்சி பெற்றால் 21 மாதமே போதும். கணவன் அல்லது மனைவியும் உடன் சென்று தடையின்றி வேலை பார்க்கலாம்.

ஆனால் அனுமதியும் வேலையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை என்பதை மறக்கலாகாது. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் தகுதிகாண் காலம். இரண்டு வார முன்னறிவிப்பில் வேலையை விட்டு அனுப்பிவிடலாம். உள்ளூர்க்காரர் வேலையிழந்தால் வேறு வேலை தேடுவார். வெளிநாட்டவர் வேலையோடு நாட்டில் இருக்கும் உரிமையையும் தேட வேண்டும். இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1960-களில் கேரளத்துக் கத்தோலிக்க இளம்பெண்கள் பலர் திருச்சபையின் ஏற்பாட்டில் மேற்கு ஜெர்மனிக்குச் சென்று செவிலியராயினர். அவர்கள் இல்லாமல் நடக்காது என்றிருந்த மருத்துவமனைகள் பல. 1970-களின் பிற்பகுதியில், செவிலியர் தட்டுப்பாடு தீர்ந்தது என்று கூறி, அவர்களில் பலருக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். சிலர் போராடித் தங்கினர், சிலர் திரும்பினர்.

கையில் வரும் சம்பளத்திலும் மயக்கம் வேண்டா. தனியாளுக்கு வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். வீட்டு வாடகையில் 'குளிர் வாடகை', 'சூடான வாடகை' என்று இரண்டு உண்டு; வீட்டைச் சூடாக்கும் செலவு முதலியவை இரண்டாவதில் அடங்கும். குடிபோகும் வீட்டில் சமையலறை என்ற பெயரில் வெறும் சுவரும் தண்ணீர்க் குழாயும் மட்டுமே இருப்பதும் உண்டு. அடுப்பையும் தொட்டியையும் முன்னிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே கத்தரிக்காய் வாங்க மறந்தவர் பாடு திண்டாட்டம்தான். பெர்லினில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு வேலை முடிகிறது, உண்மை. ஆனால் வெளியே வந்தால் இருட்டு. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்று போனவர்க்கும் மருத்துவர், வீட்டுக்காரர், அரசாங்கக் கடிதம் எல்லாம் ஜெர்மன் மொழியில்தான். கிடைத்த ஓய்வு நேரத்தை யாரோடு கழிப்பது? இலங்கையில் போர் மூண்டதால் 1980-களில் அகதிகளாகச் சென்ற தமிழர், ஹாம் நகரில் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு அண்மையில் இருப்பவர் பேறு பெற்றவர்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பேறுகால விடுப்பு அங்கே பிறப்புக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம். நம் நாட்டில் 2017 முதல் 26 வாரம். இதில் நாம் முந்தி நிற்கிறோமே என மகிழலாம். ஆனால் அங்கே அதன் பின்னர்த் தாயோ தந்தையோ, யார் வேண்டுமானாலும் மூன்றாண்டு வரை குழந்தைக்காக வேலையிலிருந்து விலகியிருக்கலாம், வேலை காத்திருக்கும். இருவரும் பகிர்ந்துகொண்டால் 14 மாதம் அரசு உதவித்தொகையும் வரும். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பாட்டி மட்டும் இல்லை.

பாட்டியை அழைத்துக்கொள்ளலாமா? 2024 மார்ச் முதல் அனுமதி பெற்ற திறன்மிகு பணியாளர் பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளித்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய முழுச் செலவையும் ஏற்க வேண்டும். மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். வயதானவர்க்குக் காப்பீடு எளிதில் அமைவதில்லை. ஆகவே பெரும்பாலோர் சுற்றுலா விசாவில் 90 நாள் வந்துவிட்டு, ஊறுகாய் ஜாடியை அங்கே விட்டு, ஊர் திரும்புகிறார்கள்.

மற்ற நாள்களில் தொலைபேசிதான். அங்கே மாலை ஐந்து மணி என்பது இங்கே குளிர்காலத்தில் இரவு ஒன்பதரை. வேலை முடிந்து, டிராமில் ஏறியதும் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசுவார்கள் என்று அம்மாமார் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுக் காத்திருப்பார்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே திருப்பி வைப்பார்கள். அதன் பின் அக்டோபர் கடைசி வரை, அந்த அழைப்பு எட்டரைக்கே வந்துவிடும்.