எண்ணெய் மூட்டம் காட்டும் கருவி
ஆயில் மிஸ்ட் டிடெக்டர் | கப்பல் டீசல் எஞ்சின்

கப்பல் எஞ்சினின் கிராங்க்கேஸுக்குள் ஒரு பேரிங்கோ பிஸ்டனோ அளவுமீறிச் சூடேறினால், அதன்மேல் படும் மசகு எண்ணெய் ஆவியாகும். அந்த ஆவி குளிர்ந்த பகுதியை அடைந்ததும் வெண்ணிற மூட்டமாக மாறும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 50 மில்லிகிராம் சேர்ந்துவிட்டால், அதே சூடான பகுதி அதைப் பற்றவைத்துவிடலாம்.

1947 செப்டம்பர் 11 அன்று, பெல்ஃபாஸ்டில் புதுப்பிக்கப்பட்டு வெள்ளோட்டம் சென்ற ‘ரெய்னா டெல் பசிபிகோ’ கப்பலில் கிராங்க்கேஸ்கள் வெடித்தன. 28 பேர் உயிரிழந்தனர். அந்தப் பேரிழப்பு, இந்த ஆபத்தை ஆழமாக ஆராய வைத்தது.

இக்கருவி கிராங்க்கேஸின் ஒவ்வோர் அறையிலிருந்தும் காற்றை உறிஞ்சி, ஒளிக்கற்றையின் ஊடே செலுத்துகிறது. மூட்டம் இருந்தால் ஒளி மங்கும். கோளாறு எந்த அறையில் என்பதும் தெரிந்துவிடும். வெடிக்கக்கூடிய அளவில் 20-இல் 1 பங்கு சேரும்போதே எச்சரிக்கை மணி ஒலிக்கும்.

மணி ஒலித்ததும் வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்த வேண்டும். சூடு தணியும்வரை கிராங்க்கேஸ் கதவைத் திறக்கவே கூடாது. உள்ளே புகும் புதுக்காற்று வெடிப்பை உண்டாக்கக்கூடும். நன்றாக ஆறிய பிறகே பொறியாளர்கள் கதவைத் திறந்து, பேரிங்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழுதைக் கண்டறிகிறார்கள்.